காற்றுக்கு ஒரு துபாஷி

மோட்டார் வண்டி எதைச் சாப்பிட்டு ஓடுகிறது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் போகாத குழந்தைகூட "பெட்ரோல்" என்று பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலுக்கு நூற்றுக்கு ஆறு மார்க் கொடுக்கலாம். மீதி மார்க் அத்தனையும் காற்றுக்குச் சேர வேண்டியவை. ஏனென்றால், ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதியின்றி எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும்.

"காற்றாவது, கிலோவாவது!" என்று நேயர்கள் சிரிக்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் அடைந்திருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 33 கிலோ. கார் மூன்று லிட்டர் பெட்ரோலைச் செலவழிக்கும்போது அந்த அறைக் காற்று முழுவதையும் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. பெட்ரோலுக்குப் பில் வருகிறது. அதனால் அதை மட்டும் நாம் கவனிக்கிறோம். காற்றுக்கு இன்னும் யாரும் பில் போடவில்லை. அதனால் மறந்து விடுகிறோம். ஆனால் எஞ்சினால் மறக்க முடியாது. காற்று எவ்வளவு வந்தது என்று தெரிந்தால்தான் பெட்ரோலை எவ்வளவு விடுவது என்று அதற்குத் தெரியும்.

பழைய வண்டிகளில் இந்தக் காரியத்தைக் கார்புரேட்டர் பார்த்துக் கொண்டது. குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாக ஓடும். அந்த வேகமே பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொள்ளும். நம் பாட்டி சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரிதான். அளவு கிடையாது, கரண்டி கிடையாது, கைதான் கணக்கு. ருசியும் மோசமில்லை. ஆனால் அமெரிக்காவில், 'வண்டிப் புகையில் இன்னது இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது' என்று சட்டம் வந்ததும், பாட்டியின் கைக் கணக்குப் போதவில்லை. 1967-ஆம் வருஷம் அமெரிக்காவுக்கென்று வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் மின்சார மூளை ஒன்றை வைத்தார்கள். அது காற்றை நேரே அளக்கவில்லை. எஞ்சினுக்குள் போகும் குழாயின் அழுத்தத்தைப் பார்த்து, "இவ்வளவு காற்றுத்தான் வந்திருக்க வேண்டும்" என்று ஊகித்தது. 1973-இல் அதே கம்பெனியார் காற்று வழியிலேயே ஒரு சிறு கதவைத் தொங்க விட்டார்கள். காற்றுத் தள்ளத் தள்ளக் கதவு திறக்கும். திறந்த அளவே காற்றின் அளவு.

பிறகு, எண்பதுகளில், கதவும் போய்க் கம்பி வந்தது. இந்தக் கம்பியின் தந்திரம் நம் வீட்டுக் காப்பியில் இருக்கிறது. காப்பி சுட்டால் ஊதி ஆற்றுகிறோம் அல்லவா? பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறும். மெதுவாக ஊதினால் மெதுவாக ஆறும். காற்று வழியில் ஒரு மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சுட வைக்கிறார்கள். உள்ளே வரும் காற்று அதை ஆற்றப் பார்க்கும். "ஆற விட மாட்டேன்" என்று மின்சாரம் கூடுதலாகப் பாயும். எவ்வளவு கூடுதலாகப் பாய்கிறதோ, அதிலிருந்து எவ்வளவு காற்று வந்தது என்று தெரிந்து விடும். இதிலே ஒரு விசேஷம் உண்டு. கொடைக்கானல் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசாகி விடுகிறது. இலேசான காற்றுக்குக் கம்பியை ஆற்றும் சக்தியும் குறைவு. ஆகவே கம்பி அளப்பது காற்றின் பருமனை அல்ல, எடையையே என்று சொல்லலாம். மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டாம்.

வருகிற காற்று முழுவதும் கம்பியின் மேல் படுவதில்லை. பல மீட்டர்களில் பெரிய குழாயின் ஓரத்தில் ஒரு சிறு சந்து இருக்கும். அதன் வழியாகப் போகிற கொஞ்சம் காற்றைத்தான் கம்பி பார்க்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்! அந்தப் பதத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட் வரை உள்ள ஒரு மின்சார அளவாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிறது. கம்ப்யூட்டருக்குக் காற்றும் தெரியாது, கம்பியும் தெரியாது. அதன் ஞாபகத்தில் ஓர் அகராதி இருக்கிறது. "இத்தனை வோல்ட் என்றால் மணிக்கு இத்தனை கிலோ காற்று" என்று வரிசையாக எழுதி வைத்த அகராதி. மீட்டருக்கு ஒரு பாஷை; அந்தப் பாஷைக்கு ஓர் அகராதி. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஜோடி சேர்ந்து பிறந்தவை.

ஜோடியைப் பிரித்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

2019 ஆகஸ்டில், என் அத்தையை அவளுடைய பிள்ளையிடம் கொண்டு விடுவதற்காக நான் டெட்ராயிட் பக்கம் போயிருந்தேன். அந்த ஊரில் வுட்வர்ட் அவென்யு என்று ஒரு நீளமான சாலை. 1995 முதல் ஆகஸ்டு மாதத்தில் பழைய மோட்டார் வண்டிகளின் தேரோட்டம் அங்கே நடக்கிறது. நம் ஊரில் திருவிழாவுக்குத் தேரைச் சோடிப்பது போல், அங்கே வருஷம் முழுவதும் வண்டியைச் சோடிக்கிறார்கள். என் அத்தானும் ஒரு வண்டியைச் சோடித்து வைத்திருந்தார். 1989-ஆம் வருஷத்து ஃபோர்ட் மஸ்டாங், எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர், புதிதில் 225 குதிரை சக்தி.

அந்த வருஷத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1986-இல் இந்த எஞ்சினுக்கு வந்த கம்ப்யூட்டர், நான் முன்னே சொன்னேனே, அந்த ஊகிக்கிற ஜாதி. எஞ்சினை யாராவது மாற்றியமைத்தால் அதன் ஊகம் தப்பிப் போகும். 1988-இல் கலிபோர்னியாவுக்கும், 1989-இல் அமெரிக்கா முழுவதற்கும் சூட்டுக் கம்பி மீட்டர் வைத்த வண்டிகள் வந்தன. ஊகத்துக்குப் பதில் அளவு! 'இனி எஞ்சினை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். வருகிற காற்றை மீட்டர் அளந்து சொல்லிவிடும்' என்று வண்டிப் பிரியர்கள் கொண்டாடினார்கள். பழைய ஜாதி வண்டி வைத்திருந்தவர்கள்கூட மீட்டரும் ஒயரும் புதுக் கம்ப்யூட்டரும் வாங்கிப் பொருத்திக் கொண்டார்கள்.

ஆனால் கம்பெனி வைத்த மீட்டரின் துவாரம் 55 மில்லிமீட்டர்தான். எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மீட்டர் தன் உச்ச அளவைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். படி நிரம்பி வழிந்த பிறகு எத்தனை நெல்லைக் கொட்டினாலும் படி ஒன்றுதானே? ஆகையால் 77 மில்லிமீட்டர் குழாய் உள்ள பெரிய மீட்டரை மாட்டுகிறார்கள். பரப்பில் இது பழையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே காற்றுப் பெரிய குழாயில் பாதி வேகத்தில் போகும், கம்பி குறைவாக ஆறும், வோல்ட் குறையும். பழைய அகராதியை வைத்துப் படிக்கிற கம்ப்யூட்டர், "காற்றே வரவில்லையே" என்று பெட்ரோலைக் குறைத்துவிடும். எஞ்சின் பட்டினியில் காய்ந்து சூடேறும்.

இதற்கு அமெரிக்கக் கடைக்காரர்கள் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்களே, அந்த வழி.

மஸ்டாங்கில் கம்பெனி வைத்த பெட்ரோல் இன்ஜெக்டர், மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் பீச்சக்கூடியது. சக்தி கூடிய எஞ்சினுக்கு 24 பவுண்டு இன்ஜெக்டர் போடுவார்கள். இந்தச் செய்தி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய இன்ஜெக்டரே இருப்பதாக நினைத்துப் பழைய நேரத்துக்கே திறந்தால் பெட்ரோல் வெள்ளமாய்ப் போய்விடும். ஆகவே மீட்டரின் சிறு சந்தைக் கொஞ்சம் மாற்றி, நூறு கிராம் காற்று வந்தால் "79 கிராம்" என்று சொல்ல வைத்தார்கள். கம்ப்யூட்டர் 79 கிராமுக்கு உரிய 5.4 கிராம் பெட்ரோலுக்கு உத்தரவு போடும். பெரிய இன்ஜெக்டரோ அந்த நேரத்தில் 6.8 கிராமைப் பீச்சிவிடும். நூறு கிராம் காற்றுக்கு வேண்டியதும் 6.8 கிராம்தான்! இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியாகி விட்டது. கணக்கு வாத்தியார் பார்த்தால்கூட முழு மார்க் போட்டு விடுவார்.

என் அத்தானும் இப்படி ஒரு மீட்டரைத்தான் பழைய சாமான் விலைக்கு வாங்கி மாட்டியிருந்தார். "மாப்பிள்ளே, கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. திருகாணி நாலு, வேலை அரை மணி!" என்று பெருமையாகச் சொன்னார். புகைக் குழாயில் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் சென்ஸார் ஒன்று உண்டு. எரிந்தது சரியா தப்பா என்று கம்ப்யூட்டருக்கு அறிவிப்பது அதன் உத்தியோகம். அதுவும் "எல்லாம் க்ஷேமம்" என்றே தந்தி கொடுத்துக் கொண்டிருந்தது. வண்டியும் ஊருக்குள் பூனை மாதிரிப் போயிற்று.

ஒரு நாள் பிற்பகல், நல்ல வெயில். அத்தை, நான், அத்தான், அத்தானின் பெண் எல்லோரும் வண்டியில் ஏறிக் கொண்டோம். நெடுஞ்சாலையில் சேருகிற ஏற்றத்தில் அத்தான் காலை முக்கால்வாசி அழுத்தினார். வண்டி பாய்ந்தது. அப்போது அத்தை சொன்னாள்: "ஏண்டா, டப்பாவிலே புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம் கேக்குதே, அது என்னடா?"

அத்தானின் முகம் சட்டென்று மாறியது. காலை எடுத்தார், சத்தமும் நின்றது. ஏற்றத்தில் மறுபடி அழுத்தினார், மறுபடி புளியங்கொட்டை.

அந்தச் சத்தத்துக்கு 'நாக்கிங்' என்று பெயர். பெட்ரோலும் காற்றும் ஒழுங்காக ஒரு முனையிலிருந்து எரிந்து போகாமல், அழுத்தம் தாளாமல் ஓரங்களில் தாமாகவே வெடிப்பதால் வருவது. வெடி பிஸ்டன் தலையில் விழுகிறது. கொஞ்ச நாள் சம்மட்டியடி பட்டால் அலுமினியப் பிஸ்டன் ஓட்டையாகி விடும். எஞ்சின் காயலான் கடைக்குத்தான்.

பெட்ரோல் கணக்குச் சரியாக இருக்கும்போது இது எப்படி வந்தது? அத்தானுக்குப் புரியவில்லை. அடுத்த வீட்டில் ஒரு கிழவர் இருந்தார்; எஞ்சின் தொழிற்சாலையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தார். ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத் தூள் தூவினாற்போல் கரும் புள்ளிகள். நடுநடுவே ஊசி முனையளவு வெள்ளி மினுக்கு. அந்த மினுக்கு, பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம்!

"பெட்ரோலைப் பற்றிப் பொருத்தமாகப் பொய் சொல்லி விட்டாய். தீக்குச்சியிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார் கிழவர்.

அத்தானுக்கு விஷயம் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. எனக்கு விளங்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. நேயர்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். அடுப்பங்கரையை நினைத்துக் கொண்டால் போதும்.

ஈர விறகு என்றால் முன்கூட்டியே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், பிடிக்க நேரமாகும். காய்ந்த சருகு என்றால் கடைசி நிமிஷத்தில் பற்ற வைத்தால் போதும், குப்பென்று பிடிக்கும். சிலிண்டருக்குள்ளும் இதே கதைதான். கொஞ்சம் காற்றே வந்திருக்கும்போது நெருப்பு மெதுவாகப் பரவும். ஆகவே பொறியை முன்னதாகவே வைக்க வேண்டும். மூச்சு முட்ட நிரம்பியிருக்கும்போது நெருப்பு வேகமாகப் பரவும்; பொறியைச் சற்றுத் தாமதித்து வைக்க வேண்டும். எப்போது வைப்பது என்பதை மூளை எதைப் பார்த்து முடிவு செய்கிறது? அதே காற்று மீட்டரைப் பார்த்துத்தான்!

மீட்டர் நூறு கிராமை 79 என்று சொன்னது பெட்ரோலுக்காக. ஆனால் அந்த 79-ஐப் பொறி இலாகாவும் படித்தது. "ஓகோ, பாரம் குறைவு, ஈர விறகு" என்று பொறியை முன்னாலேயே வைத்தது. உண்மையில் உள்ளே இருந்ததோ நிரம்பக் காய்ந்த சருகு. பெட்ரோல் கணக்குக்கு இன்ஜெக்டர் என்ற இன்னொரு பொய் ஈடு கொடுத்தது. பொறிக் கணக்குக்கு ஈடு கொடுக்க யாரும் இல்லை. ஆக்ஸிஜன் சென்ஸாரோ பெட்ரோலைப் பற்றி மட்டும் சாட்சி சொல்லும். பொறியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சும்மா ஊருக்குள் ஓட்டும்போது தப்பு வெளியே தெரியவில்லை. பாரம் ஏறி, வெயில் ஏறி, சாலையும் ஏறிய இடத்தில்தான் தெரிந்தது. கம்பெனி செய்த வண்டியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது கொடுத்தது. கேள்விதான் பொய்.

பிறகு நடந்தது ஒரு வாரச் சங்கதி. பொய் மீட்டரைக் கழற்றி அத்தான் அலமாரியில் வைத்தார். வேறொரு பெரிய மீட்டர் வாங்கினார். அது கூடவே தன் ஜாதகத்தைக் கொண்டு வந்தது: இத்தனை காற்று ஊதினால் இத்தனை வோல்ட் என்று, மேஜையில் வைத்துச் சோதித்து எழுதிய ஒரு காகிதம். மஸ்டாங்கின் கம்ப்யூட்டர்ப் பெட்டி முன் ஸீட்டில் காலடிப் பக்கம் சுவரோரமாக மறைந்திருக்கிறது. அதன் ஒரு முனையில், சோதனைக்கென்று தொழிற்சாலையார் விட்டு வைத்த ஒரு வாசல் உண்டு. அங்கே சின்னதாக ஒரு 'சிப்' பலகையைச் செருகினால், கம்ப்யூட்டர் தன் பழைய அகராதிக்குப் பதில் அதில் உள்ள அகராதியைப் படிக்கும். வாசலின் தகடுகளில் பூசியிருந்த பழைய பூச்சைச் சுரண்டித் துடைப்பதற்கே ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. அத்தான் துடைத்தார், நான் டார்ச் பிடித்தேன், அத்தை, "பதமா துடைடா" என்று மேற்பார்வை பார்த்தாள்.

அதன் பிறகு மடிக் கம்ப்யூட்டரில் அகராதியைத் திறந்து, ஜாதகத்தில் உள்ள வோல்ட்டையும் காற்றையும் வரிசை வரிசையாக அடித்தார். ஒரு எண்ணை எடுத்து எல்லாவற்றையும் பெருக்கிவிட முடியாது. கம்பி ஆறுகிற கணக்கு நேர்கோடு அல்ல, வளைகோடு. கடைசியில் ஒரே ஒரு உண்மை பாக்கி இருந்தது. '19' என்று இருந்த இடத்தில் '24' என்று அடித்தார். இப்போது மீட்டர் நூறு என்றால் நூறு. இன்ஜெக்டர் எவ்வளவு பெரியது என்று கம்ப்யூட்டருக்கே தெரியும். பெட்ரோல் இலாகாவும் பொறி இலாகாவும் ஒரே உண்மையைப் படித்து, அதனதன் வேலையைப் பார்த்தன. அதே ஏற்றம், அதே வெயில், அதே நாலு பேர். புளியங்கொட்டைச் சத்தம் இல்லை.

புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். துரைக்குத் தமிழ் தெரியாது. ஊராருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நின்ற பிள்ளை இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருந்தார். அந்தச் சிப்பும் அப்படிப்பட்ட துபாஷிதான். ஒரு பாஷை பேசும் மீட்டரின் சேதியை, வேறு பாஷைக்குப் பழகிய கம்ப்யூட்டருக்கு அர்த்தம் கெடாமல் சொல்லுகிறது. முதல் மீட்டரும் துபாஷி வேஷம்தான் போட்டது. ஆனால் அது மொழிபெயர்க்கவில்லை; எஜமான் என்ன செய்ய வேண்டும் என்று தானே தீர்மானித்து, அதற்குத் தகுந்த பொய்யைச் சொன்னது. அந்த ஒரு காரியத்தில் ஜயித்தது. ஆனால், அதே வார்த்தையை வேறு யார் யார் நம்பி இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

எனக்கு இது என் உத்தியோகத்தையே ஞாபகப்படுத்தியது. ஆசிரியர் தம் அறையை விட்டு வெளியே வருவது அபூர்வம். தெருவில் என்ன நடக்கிறது என்பதற்கு நிருபர்களாகிய நாங்கள்தான் சூட்டுக் கம்பி. "ஆசிரியர் எப்படியும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்; நாம் கொஞ்சம் குறைத்து எழுதுவோம்" என்று ஒரு நிருபர் நினைக்கலாம். அச்சில் வரும் செய்தி சரியாகவும் அமைந்துவிடலாம். ஆனால் அந்தக் குறிப்பையே நம்பித் தலையங்கம் எழுத அடுத்த அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கதி?

நம் ஊரிலும் இன்று, "இந்தச் சின்னப் பெட்டியைச் சென்ஸார் ஒயரில் மாட்டுங்கள்; சக்தி கூடும், மைலேஜ் கூடும்" என்று சாமான் விற்கிறார்கள். சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே காலணாப் பெறுமானமுள்ள ஒரு ரெஸிஸ்டர்தான் இருக்கும். உள்ளே வரும் காற்றுச் சூடாக இருக்கும்போது 'ஜில்லென்று இருக்கிறது' என்று கம்ப்யூட்டரை நம்ப வைப்பதே அதன் வேலை. நேயர்களில் யாரிடமாவது இப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தால், அது எத்தனை குதிரை சக்தி தரும் என்று கேட்க வேண்டாம். "ஐயா, இது மொழிபெயர்க்கிறதா, பொய் சொல்லுகிறதா?" என்று கேளுங்கள். விற்கிறவர் தலையைச் சொறிந்தால், பணத்தைப் பத்திரமாகப் பையில் போட்டுக் கொண்டு, நல்ல ஏர் ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டிக் கொண்டு வீடு போய்ச் சேருங்கள். உங்கள் எஞ்சின் நிம்மதியாக மூச்சு விடும்.